மூன்று நாடு பார்த்த கடைவாய்ப்பல்

“ஊருக்கெல்லாம் இலவச வைத்தியம் என்று தண்டோரா போடச் சொன்னேன். உன் புருஷன் ஏன் வாயைத் திறக்கவில்லை?”

சிட்டம்மையைப் பார்த்து ஒரு ராஜா இப்படிக் கேட்ட காலம் ஒன்று இருந்தது. எந்த நாடு, எந்த ராஜா என்று கேட்காதீர்கள். கேள்வி கேட்கிற ராஜாக்கள் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் இருந்தார்கள். சிட்டம்மை அந்தச் சபையின் விகடக்காரி. ராஜாவுக்குக் கோபம் வந்தால் சிரிக்க வைப்பதும், சிரிப்பு வந்தால் யோசிக்க வைப்பதும் அவள் வேலை. அவள் புருஷன் இடும்பன் தண்டோராக்காரன். அவன் கடைத்தெருவில் குரல் கொடுத்தால் ஆற்றுக்கு அக்கரையில் துணி துவைக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்பேர்ப்பட்டவன் ஒரு கன்னம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, சபையின் மூலையில் நின்றான்.

“பல்வலி, மகாராஜா” என்றாள் சிட்டம்மை.

“நம் இலவச வைத்தியசாலைக்குப் போவதுதானே?”

“போனோம், மகாராஜா. போய்க்கொண்டே இருக்கிறோம்.”

சபை சிரித்தது. அரண்மனை வைத்தியர் சஞ்சீவிப் பண்டிதர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த வைத்தியசாலை அவர் பொறுப்பில் இருந்தது. சிட்டம்மை ராஜாவைச் சிரிக்க வைத்தாலே அவருக்கு வயிறு எரியும். அவரை வைத்தே சிரிக்க வைத்தால் கேட்க வேண்டுமா?

“நன்றி கெட்ட பேச்சு, மகாராஜா! பக்கத்து நாடுகளில் வைத்தியம் பார்க்க வீட்டை விற்க வேண்டும். இங்கே சல்லிக்காசு கேட்பதில்லை. இவள் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.”

ராஜாவுக்கு உடனே ஆசை தொற்றிக்கொண்டது. “அருமையான யோசனை! நம் நாடு, கிழக்கே துறைமுக நாடு, வடக்கே மலைநாடு. ஒரு பல்லைப் பிடுங்க ஒவ்வொரு நாட்டிலும் ஜனங்கள் உண்மையில் என்ன கொடுக்கிறார்கள்? சிட்டம்மை, நீ பார்த்து வந்து சொல்.”

“ஒரே பல்லாக இருக்க வேண்டும், மகாராஜா” என்று பண்டிதர் குறுக்கே புகுந்தார். “ஒரே வாய், ஒரே பல். இல்லாவிட்டால் அது கடைவாய், இது முன்வாய் என்று கதை விடுவாள். சொல்ல முடியாமல் போனால், தண்டோரா வேலையை என் மைத்துனனுக்குக் கொடுத்துவிட வேண்டும்.”

“ஆகட்டும்” என்றார் ராஜா.

ஓரிடத்தில் பிடுங்கிய பல்லை இன்னோரிடத்தில் எப்படிப் பிடுங்குவது? ராஜாவைத் தவிர எல்லோருக்கும் அது புரிந்தது. சிட்டம்மைக்கும் புரிந்தது. அந்த வேலை போனால் இடும்பனுக்கு வேறு பிழைப்பு கிடையாது. அவனிடம் குரலைத் தவிர ஒன்றுமில்லை.

“எந்த நாட்டில் தொடங்க வேண்டும் என்று நிபந்தனை உண்டா, பண்டிதரே?”

“உன் இஷ்டம்” என்றார் பண்டிதர், பெருந்தன்மையாக.

“அப்படியானால் நம் நாட்டிலேயே தொடங்குகிறோம்.”

மறுநாள் இருவரும் வைத்தியசாலை வாசலில் போய் நின்றார்கள்.

“பல்லா? பல் பாக்குறவரு அரமனைக்குப் போயிருக்காரு. நாளைக்கு வாங்க” என்றான் வாசல்காரன்.

நாளைக்கும் வந்தார்கள். “இன்னைக்கு நேத்து வந்தவங்களுக்கு.”

“நாங்க நேத்தும் வந்தோமே!”

“நேத்து வந்தது நேத்தோட போச்சும்மா. இன்னைக்கு வந்தீங்கல்ல, நாளைக்கு வாங்க.”

சிட்டம்மை விடாமல் வாதாடினாள். இடும்பன் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான். “கேக்காதடி, எனக்கு வலிக்குது.”

“நான் கேட்டா உங்களுக்கு ஏன் வலிக்குது?”

“நீ கேக்கக் கேக்க நான் பல்லைக் கடிக்கிறேன்ல!”

அமாவாசைக்கு வந்தவர்கள் பௌர்ணமி வரை அங்கேயே கிடந்தார்கள். குரல் கொடுக்காதவனுக்குக் கூலி ஏது? சோற்றுக்கு முரசை அடகு வைத்தார்கள். வாசல்காரனுக்குத் தினமும் வெற்றிலை பாக்கு போயிற்று. கடைசியில் ஒரு வைத்தியர் வந்து, வாயை எட்டிப் பார்த்து, “பிடுங்கணும். ஆனா குறடு பழுதாயிருக்கு” என்று சொல்லி ஒரு கிராம்பைக் கொடுத்தார். கிராம்பு இலவசம்தான்.

பல்லோடு துறைமுக நாட்டுக்குப் போனார்கள். அங்கே காத்திருக்கவே வேண்டியதில்லை. மெத்தையில் உட்கார வைத்துப் பன்னீர் தெளித்தார்கள்.

“வாயைத் திறங்க.”

இடும்பன் திறந்தான். உடனே ஒரு பெண் தட்டை நீட்டினாள். திறந்ததற்குக் கட்டணமாம். சிட்டம்மை ஒரு தோட்டைக் கழற்றிப் போட்டாள்.

“மூடுங்க.” மறுபடி தட்டு. இன்னொரு தோடும் போயிற்று.

“பிடுங்குறதுக்கு எவ்வளவுங்க?”

“பிடுங்கினப்புறம் சொல்லுவோம்.”

“முன்னாடியே சொன்னா என்ன?”

“முன்னாடி சொன்னா யாரும் பிடுங்கிக்க மாட்டாங்களேம்மா.”

உள்ளேயிருந்து வெறுங்காலோடு வந்த வியாபாரி ஒருவர், “நான் மாடிவீட்டுக்காரனா உள்ள போனேன், தாயி” என்று சொல்லிவிட்டுப் போனார். இருவரும் எடுத்தார்கள் ஓட்டம். நாட்டு எல்லை தாண்டும்வரை இடும்பன் வாயைக் கையால் பொத்திக்கொண்டே ஓடினான்.

மலைநாட்டில் வழக்கம் வேறாக இருந்தது. ஒவ்வொரு அறுவடைக்கும் எல்லோரும் பொதுக் களஞ்சியத்தில் தினை அளக்க வேண்டும். அப்புறம் யாருக்கு நோய் வந்தாலும் வைத்தியர் காசுக்குக் கை நீட்டமாட்டார். அங்கேயும் வரிசை இருந்தது, முணுமுணுப்பும் இருந்தது.

“என் பல்லெல்லாம் கல்லு. ஊருப் பல்லையெல்லாம் என் தினையில பிடுங்குறானுங்க” என்று வரிசையில் நின்ற ஒரு பெண் எரிந்து விழுந்தாள். பிறகு இடும்பனைப் பார்த்தாள். “ஐயய்யே, அந்த மனுசனை முன்னால விடுங்க. பாக்கவே சகிக்கல.”

வெளியூர்க்காரர்கள் என்பதால் சிட்டம்மை ஒரு வயலில் களை பறித்து, கூலியாகக் கிடைத்த தினையைக் களஞ்சியத்தில் அளந்தாள். பல் வெளியே வந்தது. இடும்பன் போட்ட அலறலில் மலையே எதிரொலித்தது. சிட்டம்மைக்கு அதைக் கேட்கத்தான் எவ்வளவு சந்தோஷம்!

சபையில் அவள் பல்லை ஒரு வெற்றிலையில் வைத்து நீட்டினாள். “மூன்று நாடும் பார்த்த ஒரே பல், மகாராஜா.”

“பித்தலாட்டம்!” என்று குதித்தார் பண்டிதர். “அது எப்படி முடியும்?”

“முதலில் மலைநாட்டுக்குப் போயிருந்தால் முடிந்திருக்காது, பண்டிதரே. பல் அங்கேயே போயிருக்கும். நம் வைத்தியசாலையில் பல்லுக்கு ஓர் ஆபத்தும் வராது. அதனால்தான் இங்கே தொடங்கினேன்.”

ராஜா கிரீடம் சரியச் சிரித்தார். “சரி, கொடுத்தது என்ன? அதைச் சொல்.”

“மலைநாட்டில் தினை கொடுத்தோம், பல் போயிற்று. துறைமுக நாட்டில் தோடு கொடுத்தோம், பயந்து ஓடி வந்தோம். இங்கே கூலியைக் கொடுத்தோம், முரசைக் கொடுத்தோம், தூக்கத்தைக் கொடுத்தோம். கொடுத்துவிட்டுப் பல்லோடு திரும்பினோம்.”

“அதெல்லாம் செலவா?” பண்டிதர் கத்தினார். “காத்திருந்தார்கள், அவ்வளவுதான்! காத்திருந்த நாளுக்கு என்ன விலை? ஒன்றுமில்லை!”

ராஜா கையமர்த்தினார். “தண்டோரா வேலை இடும்பனுக்கே. என் செலவில் முரசு மீட்கப்படும், உனக்குப் புதுத் தோடும் வரும். இன்னும் என்ன வேண்டும், சிட்டம்மை?”

“நாங்கள் காத்துக்கிடந்த நாள் அளவுக்குப் பண்டிதர் அந்த வைத்தியசாலையில் உட்கார வேண்டும், மகாராஜா. கையில் குறடோடு. சம்பளம் வேண்டாம். அந்த நாட்களுக்குத்தான் விலையே இல்லையே.”

ராஜாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “கொடுத்தேன்!”

பண்டிதரின் முகம் சிவந்தது. “மகாராஜா! என்னுடைய ஒரு நாள் என்ன விலை பெறும் என்று இவளுக்குத் தெரியுமா?”

“எனக்கும் தெரியாது. சொல்லும், பண்டிதரே” என்றார் ராஜா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “உமது நாளுக்கு என்ன விலையோ, அதையே வாசலில் கிடந்த ஒவ்வொருவரின் நாளுக்கும் உம்மிடமிருந்து வாங்கிக் கொடுத்துவிடலாம்.”

பண்டிதர் பேச வாயெடுத்தார். பிறகு சபையைப் பார்த்தார். அவருக்கு வேண்டியவர்களெல்லாம் தூண் வேலைப்பாட்டை ரசித்துக்கொண்டிருந்தார்கள். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அவர் வைத்தியசாலைப் பக்கம் நடந்தார்.