இடது சாய்வு

"என் வகுப்புல ஒரு திருடி இருக்கா டீச்சர்."

மணவாளன் வாசலிலேயே சொல்லிவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

தமயந்தி டீச்சர் இரும்புப் பட்டடையின் முன்னால் உட்கார்ந்து செம்புத் தகடு ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வாங்க சார். என்ன திருடினா?"

"என்னை."

"முழுசாவா?"

மணவாளனுக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்கிற நிலைமையில் அவர் வரவில்லை.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. சென்னையில் ஒரு வடிவமைப்புக் கல்லூரியில் நகைக்கலை சொல்லிக்கொடுக்கிறார். கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்கிற நகை இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் கலைஞர் பெயரை எழுதி, நாலு பேரைக் கூட்டிக் காட்டுகிற நகை. அவருடைய வெள்ளிக் காப்புகள் விமானம் ஏறி ஊர் ஊராகப் போய் வந்திருக்கின்றன.

தமயந்தி டீச்சர் அவரைவிட ஏழு வயது சின்னவர். திண்டிவனம் தாண்டி, மூடிப்போன ஓர் அரிசி மில்லில் பட்டறை வைத்திருக்கிறார். அவரும் கலைஞர், அவரும் சொல்லிக்கொடுக்கிறவர். ஒரே தகட்டிலிருந்து ஒட்டுப் போடாமல் பாத்திரம் எழுப்பக் கற்றுக்கொள்ள மணவாளன் ஒரு காலத்தில் இங்கே வந்து சேர்ந்தார். அன்று வாயில் வந்த "டீச்சர்" இன்று வரை மாறவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மனுஷன் சொக்கத் தங்கம். மற்றபடி சரியான சந்தேகப் பிராணி. பால்காரர் சிரித்தால் பாலை முகர்ந்து பார்ப்பார்.

இப்போதும் கதவைச் சாத்திவிட்டு உள்ளே ஒரு நோட்டம் விட்டார்.

"யாரும் இல்லையே?"

"நான் இருக்கேன்."

"வெளியில லேடீஸ் செருப்பு ஒன்னு கிடக்கு."

"என்னோடதுதான் சார்."

அவர் கதவைத் திறந்து அந்தச் செருப்பை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் நம்பினார். சட்டைக்குள் கைவிட்டு, கைக்குட்டையில் சுற்றிய ஒரு காப்பை எடுத்தார். நல்ல அகலமான வெள்ளிக் காப்பு. வாய் மெலிந்த சுத்தியலால் வரிவரியாக அடித்தது.

"பெனிட்டான்னு ஒரு பொண்ணு. கடைசி வருஷம். தூத்துக்குடி. கண்காட்சிக்கு இதைத்தான் வைக்கப் போறாளாம். பாருங்க."

டீச்சர் வாங்கினார். எழுந்து ஜன்னல் பக்கம் போனார். மணவாளன் பின்னாலேயே போனார். காப்பு தன் கண்ணை விட்டு மறைவது அவருக்குப் பிடிக்காது.

"நல்லா இருக்கு."

"நல்லா இல்லாம? என்னோடதாச்சே!"

"நீங்க செஞ்சதா?"

"நான் செஞ்ச மாதிரியே! நாளைக்குக் காலையில கமிட்டி. காப்பியடிச்ச வேலைன்னு நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பட்டம் கிடையாது. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்."

"அவங்க அப்பா என்ன பண்றார்?"

"உப்பளத்துல வேலை. அதுக்கு நான் என்ன பண்றது? உப்பளம்னா என் வேலையைத் தூக்கிட்டுப் போகலாமா?"

"சரி, சொல்லிடுங்க. அதுக்கு எதுக்கு பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்தீங்க?"

மணவாளன் வெறும் கைக்குட்டையை மடிக்க ஆரம்பித்தார். முந்தின ராத்திரி அவர் தூங்கவில்லை. அந்தப் பெண்ணின் முகம் கண்ணிலேயே நின்றது. அந்த முகம் கள்ளமில்லாமல் இருந்ததுதான் அவருக்குப் பெரிய சந்தேகம்.

"நீங்களும் பார்த்துட்டு ஆமான்னு சொன்னீங்கன்னா..." என்று இழுத்தார்.

"சாட்சி வேணுமா?"

"நிம்மதி வேணும்."

டீச்சர் மறுபடி வந்து உட்கார்ந்தார். பட்டடைக்கு எதிர்ப்பக்கம் ஒரு முக்காலியைத் தள்ளிவிட்டார். மணவாளன் உட்கார்ந்தார்.

"என்ன ஆதாரம் வச்சிருக்கீங்க?"

கேட்டதுதான் தாமதம், மடை திறந்துகொண்டது.

"நான் மேஜைப் பக்கம் போனா துணியைப் போட்டு மூடுறா. மடியில கனம் இருக்கிறவன்தானே பயப்படுவான்? எல்லாரும் சாப்பிடப் போனப்புறம் தனியா வந்து உட்கார்ந்து தட்டுறா. எதுக்கு? போன வாரம் நான் ஒன்னுமே கேக்கலை, அவளா வந்து, 'நான் யாரையும் பார்த்துச் செய்யலை சார்'ங்கறா. எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கற கதைதானே இது?"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்! அந்த வரியைப் பாருங்க. எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?"

"இடது பக்கம்."

"நான் இடது கைக்காரன். என் சுத்தியல் அப்படித்தான் விழும். இருபது வருஷமா என் காப்புல நான் பேரே போட்டதில்லை டீச்சர். இந்தச் சாய்வுதான் என் கையெழுத்து. அந்தப் பொண்ணு வலது கைக்காரி!"

அவருக்கு உண்மையாகவே வலித்தது. சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் வாழ்நாளெல்லாம் உழைத்து வாங்கிய ஒரே சொத்து அந்தச் சாய்வு.

டீச்சர் கழிவுச் செம்பு ஒன்றை எடுத்துப் பட்டடைமேல் வைத்தார். அதே மாதிரி வாய் மெலிந்த சுத்தியலை வலது கையில் பிடித்து நாலு தட்டுத் தட்டினார். வரிகள் வலது பக்கம் சாய்ந்து விழுந்தன.

"நான் வலது கைக்காரி. இப்போ இடது சாய்வு போட்டுப் பார்க்கிறேன்."

மணிக்கட்டை முறுக்கினார். முழங்கையைத் தூக்கினார். உடம்பையே திருப்பிக்கொண்டு தட்டினார். வரி ஒன்று நேராக விழுந்தது, ஒன்று குற்றுயிராக விழுந்தது, ஒன்று தகட்டைக் கிழித்தது.

"வரலை சார்."

"வராது."

"இத்தனை வருஷம் சுத்தியல் பிடிச்ச எனக்கே வரலை. படிக்கிற பொண்ணுக்கு எப்படி வந்துச்சு?"

"அதான் டீச்சர்!" மணவாளன் முக்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "எவ்வளவு பயிற்சி எடுத்திருப்பா பாருங்க! பாவி, என்ன அழுத்தம்!"

டீச்சர் சுத்தியலைக் கீழே வைத்தார். இப்போது மணவாளனுக்கு வேறொரு சந்தேகம் வந்தது. இந்த அம்மாள் எதற்காக அவள் பக்கமே பேசுகிறார்? அவள் இங்கே வந்து போகிறாளா? தூத்துக்குடியில் இவருக்கு யாராவது உண்டா?

"டீச்சர், உங்களுக்கு அந்தப் பொண்ணை முன்னாலேயே தெரியுமா?"

"தெரியாது. ஆனா உங்களைத் தெரியும்."

அதில் என்ன அர்த்தம் இருக்கிறது என்று அவர் குடைந்துகொண்டிருக்கும்போதே, டீச்சர் கண்ணில் வைத்துப் பார்க்கிற லென்ஸை எடுத்து நீட்டினார்.

"முழுக்க இடது சாய்வுதானா, நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

மணவாளன் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டார். காப்பை மெல்லச் சுற்றினார். இடது, இடது, இடது. ஒவ்வொரு வரியும் தன்னுடைய கை. தன்னுடைய தாளம். திருடு கொடுத்தவனுக்குத்தானே வலி தெரியும்.

காப்பின் ஒரு முனையில், உள்பக்கமாக மடங்குகிற இடத்தில், அவர் கை நின்றது.

அங்கே கட்டைவிரல் அளவுக்கு வரிகள் வலது பக்கம் சாய்ந்திருந்தன. ஒன்று ஆழமாக, ஒன்று மேலாக. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, நடுவில் ஒரு இடத்தில் அடிக்காமலே விட்டு, அப்புறம் எங்கேயோ போய் மறுபடி பிடித்து.

"என்ன சார்?"

"இந்த இடம் மட்டும் வேற மாதிரி இருக்கு."

"எப்படி?"

"தப்புத் தப்பா இருக்கு. அளவு இல்லை. தாளம் இல்லை." அவர் எரிச்சலோடு லென்ஸைக் கழற்றினார். "இதை நான் இன்னும் சரிபண்ணலை."

சொல்லிவிட்டார்.

மில்லின் தகரக் கூரைமேல் ஒரு காக்கை நடக்கிற சத்தம் கேட்டது.

"இன்னும்னா?" என்றார் டீச்சர்.

மணவாளன் காப்பை டீச்சரிடமே நீட்டினார்.

வகுப்பில் அவர் மேஜை மேஜையாகப் போவார். பிள்ளைகளுக்கு எதிரில் நிற்பார். "இங்க கொடு" என்பார். கையிலிருந்து சுத்தியலை வாங்குவார். பேசிக்கொண்டே தட்டுவார். "இப்படி... இப்படி... பார்த்தியா?" பேச்சு முடியும்போது வேலை பாதி முடிந்திருக்கும். கொடுத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போவார். எத்தனை வருஷமாக? வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து. நல்ல வாத்தியார் என்று பேர் வாங்கியதே அதற்குத்தான்.

பெனிட்டாவிடம் கொஞ்சம் அதிகமாகவே நின்றிருக்கிறார். அவள்மேல் சந்தேகம் வந்தபிறகு தினமும் வாங்கிப் பார்த்தார். பார்க்கும்போது கை சும்மா இருக்குமா?

"அப்போ அவ துணியைப் போட்டு மூடினது..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

"நல்லா கையும் களவுமாத்தான் பிடிச்சிருக்கீங்க சார்," என்றார் டீச்சர். "களவு நடந்தது நிஜம். பறிகொடுத்தது யாருன்னுதான் மாத்திச் சொல்லிட்டீங்க."

டீச்சரின் கட்டைவிரல் காப்பின்மேல் இருந்தது. மற்ற இடத்தில் எங்கும் இல்லை. அந்த முனையில், தப்புத் தப்பான அந்த இடத்தில் மட்டும் தடவிக்கொண்டே இருந்தது.

மணவாளனுக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. மனசு அவசர அவசரமாக வழி தேடியது.

"நாளைக்கு அவ மேல தப்பில்லைன்னு சொல்லிடறேன்."

"அப்போ இந்தக் காப்பு யார் செஞ்சதுன்னு கேப்பாங்களே?"

"அவதான்னு சொல்லிடறேன்."

"அது பொய்."

"நான்தான்னு சொன்னா அவ கையில ஒன்னுமே இருக்காதே டீச்சர்! கண்காட்சிக்கு வைக்க எதுவும் இல்லாம, அப்பவும் பட்டம் போயிடுமே!"

"போயிடும்."

"கொஞ்சம் நாள் கேட்டு வாங்கறேன். வேற வெள்ளி நான் தரேன். புதுசா ஒன்னு செய்யட்டும். அவ கெட்டிக்காரி, செஞ்சிடுவா. தினமும் நானே பக்கத்துல இருந்து, ஒரு தப்பும் வராம, கூடமாட—"

"சார்."

"ஒவ்வொரு கட்டமும் நானே பார்த்து—"

"சார். அது என்னோட வேலை."

மணவாளன் குனிந்து பார்த்தார்.

இடது கையில் சுத்தியல் இருந்தது. எப்போது எடுத்தார், தெரியாது. பட்டடைமேல் டீச்சரின் செம்புத் தகடு இருந்தது. அவர் உள்ளே வரும்போது டீச்சர் தட்டிக்கொண்டிருந்த அதே தகடு. அதன் ஓரத்தில், பார்க்க அழகாக, ஒரே அளவில், வரிசையாக, இடது பக்கம் சாய்ந்த வரிகள் வந்திருந்தன.

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

டீச்சர் தகட்டை எடுத்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு," என்றார். பிறகு அதைக் கழிவுச் செம்போடு போட்டார்.

*

காலையில் கமிட்டியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெனிட்டா சுவரோரமாக நின்றாள். மணவாளன் காப்பை மேஜைமேல் வைத்தார்.

"இதுல களவு நடந்திருக்கு. செஞ்சது நான்."

எல்லாவற்றையும் சொன்னார். எந்தக் கையால் தட்டியது, எவ்வளவு தட்டியது, மிச்சம் எவ்வளவு என்று லென்ஸைக் கொடுத்துக் காட்டினார். "அந்தப் பொண்ணுக்கு வேற ஒன்னு செய்ய நாள் கொடுங்க. என் பேரை என்ன வேணா எழுதிக்கோங்க."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சார்," என்றார் ஒருவர் குரலைத் தாழ்த்தி. "யாராவது உங்களை மிரட்டினாங்களா?"

"இல்லை."

அவர் நம்பவில்லை. மற்ற இருவரும்கூட நம்பவில்லை. இதில் வேறு என்னமோ இருக்கிறது என்று மூன்று முகங்களிலும் எழுதியிருந்தது. மணவாளனுக்கு அந்தப் பார்வையை நன்றாகத் தெரியும். அது அவருடைய பார்வை; இவ்வளவு நாள் அதை அவர் எதிரில் நின்றுதான் பார்த்ததில்லை. அடேயப்பா, என்ன கனம்!

ஒரு வாரம் கொடுத்தார்கள்.

வராந்தாவில் பெனிட்டா பின்னாலேயே வந்தாள். கொஞ்சம் தள்ளி நின்றாள். அவள் பார்த்தது அவர் முகத்தை இல்லை, கையை.

மணவாளன் கல்லூரிப் பட்டறைச் சாவியை எடுத்து நீட்டினார்.

"இந்த ஒரு வாரம் நான் பட்டறைப் பக்கமே வர மாட்டேன்மா."

அவள் சாவியை வாங்கவில்லை. "ஏன் சார்?"

"நீ செய்."

"உள்ள கேமரா ஏதாவது வச்சிருக்கீங்களா சார்?"

"இல்லை."

"அப்போ முடிச்சப்புறம் வாங்கித் திருத்துவீங்களா?"

"மாட்டேன்."

அவள் யோசித்தாள். வெகுநேரம் யோசித்தாள். எங்கே வலை விரித்திருக்கிறது என்று தேடுகிற யோசனை அது. கடைசியில், சாவியைத் தொடாமலே கேட்டாள்.

"நீங்க பார்க்காம, கோணலாப் போயிடுச்சுன்னா?"

"போகும்," என்றார் மணவாளன்.

பெனிட்டா சாவியை வாங்கிக்கொண்டாள்.