கைக்குள் வந்த மலை

முன்னொரு காலத்தில், மேற்கே ஒற்றை மலையொன்று காவல் நிற்கும் நாட்டை ஒரு ராஜா ஆண்டுவந்தார். அவருடைய இளைய மகள் நீலவல்லிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அக்கா செங்கமலத்தை அடுத்த நாட்டில் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"அக்கா எங்கே?" என்று கேட்டால், "மலைக்குப் பின்னால்" என்பார்கள். அது எப்படிப்பட்ட இடம் என்று அவளுக்குப் புரியவே இல்லை.

அரண்மனை ஓவியன் மெழுகால் கோடுகளை மேடாக்கி, பலகையில் மலையை எழுதிக் கொடுத்தான். நீலவல்லி தடவினாள். ஒரு கோடு ஏறி, இறங்கியது. பலகையைத் திருப்பினாள். வெறும் மரம்.

"இதிலே அக்கா இல்லையே அப்பா!" என்று அழுதாள்.

ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. "என் மகள் கையில் அந்த மலையையே கொண்டுவந்து கொடுப்பவர் யார்?" என்று சபையில் கேட்டார்.

அரசவை விகடன் சடையனைக் கண்டாலே வயிறெரியும் மந்திரி ஆதித்தராயர் எழுந்தார். "பிரபு, சடையனால் முடியாததும் உண்டோ? பௌர்ணமிக்குள் கொண்டுவரட்டும். இல்லையேல் நாட்டைவிட்டு வெளியேறட்டும்."

சடையன் கும்பிட்டுவிட்டுப் போனான். மலையை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தான். பௌர்ணமியன்று, அடிவாரக் களிமண்ணில் பிசைந்த மலையொன்றைப் பூசணிக்காயைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு, எல்லோரும் காத்திருந்த அரண்மனை உப்பரிகைக்கு வந்தான்.

"மோசடி! இத்தனை சிறிய மலை எங்காவது உண்டா?" என்று கத்தினார் மந்திரி.

"ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணுக்கு நேரே கட்டைவிரலை நீட்டுங்கள், மந்திரியாரே. மேற்கே மலை தெரிகிறதா?"

மந்திரி நீட்டினார். "விரல் மறைக்கிறதே!"

"தங்கள் கண்ணுக்கு வந்த மலை கட்டைவிரலுக்குள் அடங்கிவிட்டது. இளவரசிக்கு வந்ததோ பூசணிக்காய் அளவு. எது பெரிது?"

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மந்திரிக்கு நீட்டிய விரலை மடக்கவும் தோன்றவில்லை.

நீலவல்லி சிரிக்கவில்லை. அவள் கைகள் மலைமேல் ஏறின. உச்சியைத் தாண்டி மறுபக்கம் இறங்கின.

"சடையா, பின்னால் என்பது இதுதானா?"

"ஆமாம் தாயே. இந்தப் பள்ளம்தான் கணவாய். அக்காவின் பல்லக்கு இதற்குள்தான் புகுந்து போயிற்று. இப்போது உங்கள் வலக்கை இருக்கும் இடத்தில் அவர் அரண்மனை."

அவள் இடக்கையை மட்டும் மெல்ல இந்தப் பக்கம் கொண்டுவந்து வைத்தாள்.

"இந்தக் கை நான். அந்தக் கை அக்கா. நடுவிலே இவ்வளவுதானா?"

ராஜாவின் சிரிப்பு நின்றது. தம் முத்துமாலையைக் கழற்றிச் சடையன் கழுத்தில் போட்டார். பிறகு மகளருகே குனிந்து, "எப்போது புறப்படலாம், அம்மா?" என்று கேட்டார்.

அவள் இரண்டு கைகளையும் இன்னும் எடுக்கவில்லை.