சென்னியப்பன் மெச்சிய வெள்ளை வண்டி

பொள்ளாச்சியில் அந்தக் கார் சர்வீஸ் சென்டரின் காத்திருப்பு அறையில் இருந்த அத்தனை பேரையும்விடத் தனக்குத்தான் கார் ஞானம் அதிகம் என்பதில் சென்னியப்பனுக்குத் துளியும் சந்தேகமில்லை. அன்றைக்கு அந்த ஞானத்துக்கு ஒரு வேலையும் இருந்தது. பழைய வண்டியைத் தள்ளிவிட்டு அதே வண்டியின் புது மாடலை வாங்கியாக வேண்டும். அதற்கு மனைவி தெய்வானையின் தலை அசைய வேண்டும். பொங்கலிலிருந்து அது அசையவில்லை.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வெள்ளை வண்டி ஒன்று பக்கவாட்டில் வந்து நின்று பளபளத்தது.

"வந்துருச்சு பாருங்க புது மாடல்!" என்று சென்னியப்பன் எழுந்தேவிட்டார். "கதவுல ஓடற அந்தக் கோட்டைப் பாருங்க. பழைய டப்பாவுல இந்த அழகு ஏதுங்க?"

பக்கத்து நாற்காலி ஜாபரும் கார் பைத்தியம்தான். "எனக்கு ரெண்டும் ஒண்ணாட்டத் தெரியுதுங்க."

"கண்ணு மட்டும் இருந்தாப் பத்தாதுங்க. நான் போன மாசமே ஓட்டிப் பாத்தாச்சு."

"போன மாசம் அம்மை போட்டு வேப்பிலையில படுத்திருந்தீங்க" என்றாள் தெய்வானை.

"அதுக்கு முந்தின மாசம்" என்றார், கண்கூட இமைக்காமல். "வால்பாறைக்கு ஏத்தினேன். நாப்பது வளைவு. பெட்ரோல் முள் அசையவே இல்லீங்க. இறங்கறப்ப முள் மேல ஏறுது! ஆழியாறு வர்றதுக்குள்ள டேங்க் வழிஞ்சு, பின்னால வந்த பைக்குக்கெல்லாம் ஊத்திவிட்டேன்."

ஜாபர் இருமினார். சென்னியப்பன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

"டிக்கி இருக்குதே, கல்யாண வீட்டு அண்டா நாலு, மேளக்காரங்க ஆறு பேரை ஏத்தினேன். மண்டபத்துல எண்ணினா அஞ்சு பேருதான். தவில்காரர் டிக்கி மூலையில தூங்கிட்டாரு. டார்ச் அடிச்சுத் தேடினோம்."

"தாலி கட்டறப்ப யாருங்க கொட்டினா?" என்றார் ஜாபர்.

"டிக்கிக்குள்ள இருந்தே கொட்டினாரு."

தெய்வானை கண்ணாடிப் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள். "இதே வண்டிதானுங்களே? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

ஆறு மாசத்தில் புது வண்டியைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. சென்னியப்பனுக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று.

"இதே வண்டி, சத்தியமா! ஒத்தை யானை ரோட்டை மறிச்சுது. வண்டி மூஞ்சியை ஏற இறங்கப் பாத்துது. வெக்கப்பட்டு ஒதுங்கிருச்சு. போறப்ப தும்பிக்கையால கண்ணாடியைத் துடைச்சுவிட்டுப் போச்சுங்க. இதைவிட ஒரு வண்டி இனிப் பொறக்கணும்!"

அப்போது உள்ளேயிருந்து ஊழியர் வந்து தெய்வானையிடம் சாவியை நீட்டினார். "உங்க வண்டி கழுவியாச்சுங்கம்மா. வெளியிலதான் நிக்குது, அந்த வெள்ளை."

ஜாபர் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். தாள் குலுங்கியது.

"தோட்டத்துப் புழுதி போனா இப்படித்தாங்க இருக்கும்" என்று தெய்வானை எழுந்தாள். "யானையே மதிச்ச வண்டியை மாத்தலாமுங்களா? வாங்க, வீட்டுக்குப் போலாம்."