விளக்கு வைப்பதற்குள்

ஊருக்கொரு ராஜா என்பார்களே, இந்தக் கதையில் ஒரு வீட்டுக்கே ஒரு ராஜா இருந்தாராம். தணிகாசலம் என்று பெயர், ஓய்வுபெற்ற தாசில்தார். சாயங்காலம் சாமி விளக்கை வீட்டு மகள்தான் ஏற்ற வேண்டும், அதற்கு முன் யாரும் சுவிட்சைத் தொடக்கூடாது, வெளியே போனவர்கள் விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பதெல்லாம் அவர் போட்ட சட்டம்.

இருபத்திரண்டு வயது மகள் குமுதாவுக்கு மாவட்ட வாலிபால் அணியில் இடம் கிடைத்தது. பயிற்சி முடிய ஏழாகும். பயிற்சிக்கு வராவிட்டால் இடம் போய்விடும்.

"விளக்கு வைக்கறதுக்குள்ள வர முடியும்னா போ. இல்லேன்னா பந்தைத் தூக்கிப் பரண்ல போடு" என்றார் அப்பா.

"வந்துடறேம்ப்பா" என்று கிளம்பினாள் குமுதா.

இருட்டியது. செஸ் ஆட வந்த நண்பர் சபாபதி, வாசலிலேயே நின்று, "ஏன்யா, கரண்ட் பில் கட்டலையா?" என்றார்.

எழுந்த தணிகாசலம் நாற்காலியில் முட்டியை இடித்துக்கொண்டார். "சிவகாமி, நீயாவது விளக்கேத்தேன்!"

"நானாங்க? பொண்ணுதான் ஏத்தணும்னு சட்டம் போட்டதே நீங்கதானே!" என்றாள் மனைவி இருட்டுக்குள்ளிருந்து.

ஏழு மணிக்கு மேல் வந்த குமுதா, கால் கழுவி விளக்கேற்றினாள். வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது அப்பாவின் முறைப்பு.

"எப்ப வரச் சொன்னேன்?"

"விளக்கு வைக்கறதுக்குள்ளப்பா. வந்துதானே வெச்சேன்?"

சபாபதி சிரித்த சிரிப்பில் சுடர் ஆடியது.

தணிகாசலம் தொண்டையைச் செருமினார். "இனிமே இந்த வீட்ல விளக்கு வைக்கிற நேரம் ஏழரை. இது என் உத்தரவு!"

சபாபதி சிரித்தபடியே வீட்டுக்குப் போனார். அம்மாவும் மகளும் சாப்பிடப் போனார்கள். ராஜா முட்டியைத் தடவிக்கொண்டே அவர்கள் பின்னால் போனார்.