கண்டக்டரின் முன்பல்

ஆரோனுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. விரிசல் விட்ட ஒரு முன்பல்லைப் பிடுங்கி, ஒட்டி, அதே குழியில் மறுபடி நட்டிருந்தான். அவன் படிக்கும் பல் மருத்துவக் கல்லூரியில் யாரும் செய்து பார்க்காத வேலை. அதை நோயாளி அறிக்கையாக எழுதிக்கொண்டு பேராசிரியை தில்லைநாயகியின் எதிரே நின்றான். அவர் கையெழுத்துப் போட்டால் மருத்துவப் பத்திரிகைக்கு அனுப்பலாம். அச்சானால்தான் அவனுக்கு மேற்படிப்பு முடியும்.

அவர் நிதானமாகப் படித்தார். கடைசிப் பக்கத்தில் ஒரு படம். கண்களை மறைத்து ஒரு கறுப்புப் பட்டை, அதற்குக் கீழே வாய் நிறையச் சிரிப்பு.

“யாருப்பா இவர்?”

“மினி பஸ் கண்டக்டர் மேடம். பொன்னையா.”

“‘நோயாளிக்கு எந்தத் தொந்தரவும் இல்லை’ன்னு முடிச்சிருக்கியே. கடைசியா எப்பப் பாத்தே?”

“படம் எடுத்த அன்னைக்கு. அப்புறம் வரவே இல்லை. வலிச்சா வந்திருப்பார்ல மேடம்?”

பல் டாக்டர்களுக்கென்றே வாய்த்த நம்பிக்கை இது. திரும்பி வராதவர்களையெல்லாம் குணமானவர்கள் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

“போன் போடு. எனக்கும் கேக்கட்டும்.”

ஆரோன் சந்தோஷமாகவே போட்டான்.

“டாக்டர் தம்பி! நல்லா இருக்கீகளா?” பொன்னையாவின் குரலில் அவ்வளவு பிரியம்.

“இருக்கேண்ணே. பல்லு எப்படி இருக்கு?”



“அது... சீழ் வச்சு முகமே வீங்கிப் போச்சு தம்பி. வேற ஆஸ்பத்திரியில படுக்க வச்சுத்தான் பல்ல எடுத்தாக. நீங்க அம்புட்டு ஆசையா போட்டோ புடிச்சீக. உங்க முகத்தப் பாத்து எப்படிச் சொல்ல? அதான் அந்தப் பக்கமே வரல. இப்ப விசில்தான் ஊத வரமாட்டேங்குது. கதவத் தட்டித்தான் வண்டிய எடுக்கச் சொல்றேன்.”

ஆரோனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுகணம் வேறொன்று நினைவுக்கு வந்தது.

“மேடம், ஷகிலா!”

ஷகிலா உடன்படிப்பவள். அதே மாதிரி விரிசல் பல்லோடு வந்த ஒரு பெண்ணுக்காகக் காலையில்தான் அறிக்கையின் பிரதியை அவனிடம் கேட்டு வாங்கிப் போயிருந்தாள்.

விழுந்தடித்து ஓடினான். உள்ளே அந்தப் பெண்ணுக்கு மரத்துப்போகும் ஊசி போட்டாகிவிட்டது. ஷகிலாவின் கையிலிருந்த இடுக்கி பல்லை நெருங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தட்டில் பொன்னையாவின் சிரிப்பு விரிந்து கிடந்தது.

“நிறுத்து!”

ஷகிலா அதிர்ந்துபோய்க் கையை எடுத்தாள். அந்தப் பெண் மரத்த உதட்டைப் பிடித்துக்கொண்டு அவர்களை மாறி மாறிப் பார்த்தாள்.

தில்லைநாயகி வந்து சேர்ந்தபோது ஆரோன் அறிக்கையைக் கிழிக்கப் போனான்.

“கிழிக்காதே.”

“இதை வச்சுக்கிட்டு இனி என்ன செய்ய மேடம்?”

அவர் ஒரு முக்காலியை இழுத்து அந்தப் பெண்ணின் பக்கத்தில் போட்டார்.

“உட்காரு. பொன்னையா சொன்னதையும் சேர்த்து எழுது. எழுதினதை இந்தப் பொண்ணுக்கு வாசிச்சுக் காட்டு. கேட்டுட்டு, வேண்டாம்னு இவ வாயை மூடிக்கிட்டாலும் சரி, நான் கையெழுத்துப் போடுறேன்.”