இரண்டு கயிற்று மணி

மலையடிவார மடத்தில் சாப்பாட்டு மணிக்கு இரண்டு கயிறு. முற்றத்தின் இடது தூணில் ஒன்று, வலது தூணில் ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் மணி அடிக்கும். மணி அடித்தால்தான் பந்தி. இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவருக்குப் பசியே எடுத்திருக்காது.

ஒரு கயிறு அம்பலவாணனுக்கு. இன்னொன்று ஏகாம்பரத்துக்கு. அம்பலவாணன் அவசரக்காரன். ஏகாம்பரத்துக்கு எல்லாமே கொஞ்சம் தாமதம். திங்கட்கிழமை சொன்ன வேடிக்கைக்குச் செவ்வாய்க்கிழமை சிரிப்பான்.

அன்றும் இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். மணி அடிக்கவில்லை. சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது.

அம்பலவாணன் விடுவிடுவென்று குருவிடம் போனான். அவர் முன்னால் ஒரு தட்டு வாழைப்பழம். பழத்தின்மேல் ஒரு ஈ. கோபத்தை அதன்மேல் காட்டினான். ஓங்கி ஒரு அடி. பழம் நசுங்கியது. ஈ அவன் மூக்கில் போய் உட்கார்ந்தது.

"கை எந்தப் பக்கம் வருதுன்னு இத்துனூண்டு ஈக்கு எப்படி சாமி தெரியுது?"

"ஈயைப் பத்திக் கேக்கவா வந்தே?"

"இல்ல சாமி. ஏகாம்பரத்தை ஊருக்கு அனுப்பிடுங்க. அவனால தினமும் பட்டினி."

பின்னாலேயே வந்து நின்ற ஏகாம்பரத்தின் முகம் வாடியது, சற்றுத் தாமதமாக. பாவம், ஊரில் அவனை வா என்று சொல்ல ஆளில்லை.

"ஏகாம்பரம், ஊருக்குப் போறியாப்பா?" என்று குரு கேட்டார்.

ஏகாம்பரம் யோசிக்க ஆரம்பித்தான். குரு காத்திருக்கவில்லை. தோட்டத்தில் இரண்டு பப்பாளி இலைக் காம்பை ஒடித்து வந்தார். சமையல்கட்டிலிருந்து சிங்காரத்தைக் கூப்பிட்டார். அவனும் வேகமான ஆள்தான்.

இடது தூணடியில் சிங்காரம் உட்கார்ந்தான், வலது தூணடியில் அம்பலவாணன். ஆளுக்கொரு காம்பு.

"ஒரு கண்ணை மூடிக்கிட்டு இந்தக் குழல் வழியா நேரா பாருங்க. என்னைப் பார்த்ததும் கயித்தை இழுங்க."

சாம்பார் வாளியோடு அவர் இடமிருந்து வலமாக நடந்தார். சிங்காரம் சட்டென்று இழுத்தான். பிறகு அம்பலவாணன் சட்டென்று இழுத்தான். மணி அடிக்கவில்லை. வலமிருந்து இடமாக நடந்தார். அப்போதும் அடிக்கவில்லை.

"நான் எந்தப் பக்கம் போனேன்னு மணிக்குத் தெரிஞ்சுதா?"

"அதுதான் வாயே திறக்கலையே சாமி" என்றான் அம்பலவாணன்.

சிங்காரத்தை எழுப்பிவிட்டு ஏகாம்பரத்தை உட்கார வைத்தார். மறுபடி இடமிருந்து வலம். குழலில் குருவைப் பார்த்த ஏகாம்பரம், பார்த்தது குருதானா என்று யோசித்தான். அதற்குள் அவர் வலது தூணைத் தாண்டினார். ஏகாம்பரம் இழுக்கவும் அம்பலவாணன் இழுக்கவும் சரியாக இருந்தது.

டண்!

மடம் முழுக்க இலையோடு ஓடி வந்தது.

"இருங்கப்பா, ஒரு நிமிஷம்" என்று குரு வலமிருந்து இடமாக நடந்தார். அம்பலவாணன் இழுத்தான். அவன் கயிற்றை விட்டு வெகுநேரம் கழித்து ஏகாம்பரம் இழுத்தான். மணி அடிக்கவில்லை.

அம்பலவாணன் குழலை இறக்கினான். "சாமி, ஏகாம்பரம் பக்கத்துலேருந்து என் பக்கம் வந்தா மட்டும் அடிக்குது!"

"ஈயோட கண்ணுக்குப் பின்னாடியும் இதேதான். பக்கத்துப் பக்கத்துல நரம்பு. ஒண்ணு பார்த்ததை உடனே சொல்லும். இன்னொண்ணு தயங்கிச் சொல்லும். ரெண்டு சேதியும் ஒண்ணா வந்து சேர்ந்தா மூணாவது நரம்பு மணி அடிக்கும்."

"எதிர்ப்பக்கம் வந்தா?"

"அதுக்கு இடம் மாறி உட்கார்ந்த ஜோடி இருக்கு."

"அப்போ, ஈயோட கண்ணுக்குப் பின்னாடியும் ஒரு ஏகாம்பரமா?"

"ஒண்ணா? நூத்துக்கணக்குல. அது ஒருத்தனையும் ஊருக்கு அனுப்பல. அதான் உன் கையில சிக்கல."

அம்பலவாணன் திரும்பவும் மூக்கில் வந்து உட்கார்ந்த ஈயை விரட்டவில்லை.

இலை போட்டாயிற்று. சிங்காரம் சாம்பார் ஊற்றிக்கொண்டே வந்தான். அப்போதுதான் ஏகாம்பரம் யோசித்து முடித்து வாயைத் திறந்தான்.

"போகல சாமி."