கேன்டீன் வரிசையை எண்ணியவர்

கேன்டீன் வரிசை ஏன் நகரவே மாட்டேன் என்கிறது என்று ஆராய்வதுதான் அந்தக் கல்லூரி மாணவர் குழுவின் புராஜெக்ட். பத்து நாள் மதியமும் கால்கடுக்க நின்று எண்ணியவள் ஜெசிந்தா. ஸ்லைடும் அவளே செய்தாள். லீடர் முகுந்தோ அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"நான் பேசிக்கிறேன். நீ ஸ்லைடை மட்டும் மாத்து," என்றான். சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை, தலையாட்டினாள்.

"யார் எண்ணினது?" என்று, வகுப்பில் முகுந்த் பேசிக்கொண்டிருக்கும்போது கேட்டார் பேராசிரியை.

"பத்து நாளும் நானேதான் மேடம். ஒரு நம்பர்கூடத் தப்பில்லை," என்று மார்தட்டினான் முகுந்த்.

ஜெசிந்தா கடைசி ஸ்லைடுக்கு மாற்றினாள். 'தாமதத்துக்குக் காரணம், வரிசையில் குறுக்கே புகுந்தவர்கள். முதலிடம்: முகுந்த், பத்து நாளும்.'

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "பொய் மேடம்!" என்று அலறினான் அவன்.

"எப்படிப் பொய்யாகும்?" கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டாள் ஜெசிந்தா. "எண்ணினது நீதானே?"